‘தி அப்ரண்டிஸ்’: வீடு கேட்டு வந்தவர்கள் எங்கே போனார்கள்?

1973 அக்டோபர் 15 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் அமெரிக்க நீதி அமைச்சகம் ஓர் உரிமையியல் வழக்கைத் தாக்கல் செய்தது. பிரதிவாதிகள் மூவர்: கட்டட முதலாளி பிரெட் டிரம்ப், அவருடைய 27 வயது மகனும் நிறுவனத்தின் தலைவருமான டொனால்ட் டிரம்ப், டிரம்ப் மேனேஜ்மென்ட் என்ற அவர்களது நிறுவனம். புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதிகளில் அக்குடும்பம் நிருவகித்த ஏறத்தாழ 14,000 குடியிருப்புகளில் கறுப்பின மக்களுக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுகிறது என்பதே குற்றச்சாட்டு. வழக்கில் 39 கட்டடங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன.

அலி அப்பாசி இயக்கி 2024இல் வெளிவந்த ‘தி அப்ரண்டிஸ்’ திரைப்படத்தின் கதை இந்த வழக்கின் நிழலில்தான் தொடங்குகிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு நாங்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தில் இப்படத்தைத் திரையிட்டோம். இரண்டு மணி நேரம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதல் கேள்வியை ஒரு முதலாண்டு மாணவி கேட்டார்: “வழக்கு வீடு மறுக்கப்பட்டவர்களுக்காகத்தானே? அவர்கள் படத்தில் எங்கே?” டிரம்ப்பைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் பேசத் தயாராக வந்திருந்த எங்களிடம் உடனடி விடை இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது.

முதலில் படத்தைப் பற்றி. ஈரானில் பிறந்து டென்மார்க்கில் வாழும் அப்பாசி, அமெரிக்க இதழாளர் கேப்ரியல் ஷெர்மன் எழுதிய திரைக்கதையை எடுத்துக்கொண்டு, 1973 முதல் 1986 வரையிலான டிரம்ப்பை மட்டும் காட்டுகிறார். செபாஸ்டியன் ஸ்டான் டிரம்ப்பாகவும் ஜெரமி ஸ்ட்ராங் வழக்குரைஞர் ராய் கோனாகவும் நடித்துள்ளனர். இருவருமே ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். தந்தையின் கட்டடங்களில் வாடகை வசூலிக்கக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும் இளைஞன், மேல்தட்டினருக்கான ஒரு கேளிக்கை விடுதியில் கோனைச் சந்திக்கிறான். கோன் அவனுக்கு மூன்று விதிகளைக் கற்பிக்கிறார். தாக்கிக்கொண்டே இரு. எதையும் ஒப்புக்கொள்ளாதே, எல்லாவற்றையும் மறு. தோற்றாலும் வென்றதாகவே அறிவி. படத்தின் இறுதியில், தன் பெயரில் புத்தகம் எழுதித்தர வந்த எழுத்தாளரிடம் இதே மூன்று விதிகளைத் தன் சொந்தக் கண்டுபிடிப்புகளாக டிரம்ப் ஒப்பிக்கிறார். அதற்குள் குரு எய்ட்ஸ் நோயால் இறந்திருக்கிறார். சீடன் அவரைக் கைகழுவியிருக்கிறான்.

ராய் கோன் யார் என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1951இல் ரோசன்பர்க் தம்பதியருக்கு மரண தண்டனை பெற்றுத்தந்த அரசு வழக்குரைஞர் குழுவில் இருந்தவர். 1953-54இல் கம்யூனிச வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியின் தலைமைச் சட்ட ஆலோசகர். தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்று ஐயுறப்பட்ட அரசு ஊழியர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்ட காலமும் அதுவே. அந்த விரட்டலுக்குத் துணைநின்ற கோன் தாமே தன்பாலின ஈர்ப்பாளர். அதைச் சாகும்வரை மறுத்தார். எய்ட்ஸ் என்பதையும் மறுத்து, கல்லீரல் புற்றுநோய் என்றே சொல்லிவந்தார். ஒடுக்கப்பட்ட அடையாளத்தைச் சுமந்துகொண்டே ஒடுக்குவோரின் கையாளாக வாழ்ந்த ஒருவரின் வாழ்வு எங்கே போய் முடியும் என்பதைப் படத்தின் பிற்பகுதி காட்டுகிறது. ஸ்ட்ராங்கின் நடிப்பு அங்கே உயர்ந்து நிற்கிறது. நோயுற்ற கோனுக்கு டிரம்ப் பரிசளிக்கும் வைரப் பொத்தான்கள் போலி என்று தெரியவரும் காட்சியைச் சுலபத்தில் மறக்க முடியாது.

ஆனால் என் வாதம் வேறு இடத்தில் இருக்கிறது.

வீட்டு வழக்கு எப்படி முடிந்தது என்று படம் சொல்கிறது? சட்டப்படி வெல்ல முடியாது என்று கோனுக்குத் தெரிகிறது. வழக்கை நடத்தும் அரசு அதிகாரியின் அந்தரங்க வாழ்வைக் காட்டும் ஒளிப்படங்களை வைத்து அவரை மிரட்டுகிறார். அரசு பணிகிறது, சமரசம் ஏற்படுகிறது, டிரம்ப் வியந்து நிற்கிறான். திரைக்கதையில் இது அழகாகப் பொருந்துகிறது; சட்டத்தின் கோட்டைக்குப் பின்வாசல் உண்டு என்று சீடன் கற்றுக்கொள்ளும் தருணம் அது. ஆனால் அது புனைவு. உண்மையில் நடந்தது இதைவிடச் சாதாரணமானது. அதனாலேயே வழக்குரைஞர்களாகிய நாம் அதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

1973 டிசம்பரில் கோன் செய்தியாளர்களைக் கூட்டி, அரசு தம் கட்சிக்காரரை அவமதித்துவிட்டது என்று 10 கோடி டாலர் இழப்பீடு கேட்டு எதிர்வழக்குத் தொடுப்பதாக அறிவித்தார். மறுநாள் செய்தித்தாள்களுக்குத் தலைப்பு கிடைத்தது. வழக்கை விசாரித்த நீதிபதி எட்வர்ட் நீஹர் அந்த எதிர்வழக்கைத் தள்ளுபடி செய்தார். பிறகு ஆவணங்களைத் தருவதில் தாமதம், வாக்குமூலங்களுக்கு வருவதில் தாமதம். அரசுத் தரப்பில் விசாரித்த இளம் பெண் வழக்குரைஞர் ஒருவர் சாட்சிகளை மிரட்டினார் என்று கோன் மனு போட்டார். அதிலும் ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் கண்டது. இப்படியே இருபது மாதங்கள் ஓடின. நம் நீதிமன்றங்களில் வன்கொடுமை வழக்குகளை நடத்திய எவருக்கும் இந்த முறை புதிதல்ல. புகார் கொடுத்தவர் மீதே எதிர்ப் புகார், விசாரித்தவர் மீது களங்கம், வாய்தாவுக்கு மேல் வாய்தா. இதற்கு ரகசிய ஒளிப்படம் எதுவும் தேவையில்லை. எல்லாம் நடைமுறைச் சட்டம் அனுமதித்த எல்லைக்குள்ளேயே நடந்தது.

1975 ஜூன் 10 அன்று உடன்பாட்டுத் தீர்ப்பாணை கையெழுத்தானது. டிரம்ப் தரப்பு எந்தத் தவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. அபராதமாக ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. ஆனால் ஆணையின் உள்ளடக்கம் வெறுமையானதல்ல. தந்தையும் மகனும் நியாய வீட்டுவசதிச் சட்டத்தை விரிவாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காலி வீடுகள் குறித்து, கறுப்பின மக்களும் அங்கே வீடு பெறலாம் என்று தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த நியூயார்க் அர்பன் லீக் அமைப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு வாரந்தோறும் காலி வீடுகளின் பட்டியலைத் தர வேண்டும். கறுப்பினக் குடித்தனக்காரர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள கட்டடங்களில், ஒவ்வோர் ஐந்தாவது காலி வீட்டுக்கும் தகுதியான ஆளை அனுப்பும் வாய்ப்பு அவ்வமைப்புக்கு அளிக்கப்பட வேண்டும். நீதி அமைச்சகம் இதைத் தன் பெரிய சாதனைகளுள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டது. டிரம்ப்பும் தனக்கே வெற்றி என்றார். ஒரே ஆணையை இரு தரப்பும் வெற்றி என்று அறிவிக்கும்போது, யார் பெயரில் அந்த வழக்கு நடந்ததோ அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே சரியான கேள்வி. 1978இல், நிறுவனம் ஆணையை மீறிக் கறுப்பின விண்ணப்பதாரர்களைத் தொடர்ந்து ஒதுக்குகிறது என்று அரசு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆணையின் காலம் முடிந்துபோனது. 1982இல் வழக்கு மூடப்பட்டது.

2016 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டனுடனான முதல் நேரடி விவாதத்தில் இவ்வழக்கு பற்றிய கேள்வி வந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் முடித்துக்கொண்டோம் என்பதையே டிரம்ப் விடையாகச் சொன்னார். வழக்குத் தொடுக்கப்பட்டு 43 ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த ஒரு வரி அவருக்குப் பயன்பட்டது.

அபராதமே இல்லாமல் போனது ஏன்? கோனின் சாமர்த்தியத்தால் என்று படம் நம்மை நினைக்க வைக்கிறது. சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டுரிமைப் போராட்டம் நடத்தினார். மார்க்கெட் பார்க் பகுதியில் ஊர்வலம் போனபோது வெள்ளையர் கூட்டம் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. வீட்டுவசதி மசோதா காங்கிரசில் அடுத்தடுத்துத் தோற்றது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன. ஏழே நாளில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் ஜான்சன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு தலைவரின் பிணத்தின் மீது எழுந்த சட்டம் அது. ஆனால் செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் டர்க்சனின் வாக்குகளைப் பெறுவதற்காக அதன் பற்கள் முன்னதாகவே பிடுங்கப்பட்டிருந்தன. வீட்டுவசதி அமைச்சகத்துக்குப் புகாரை விசாரித்துச் சமரசம் பேசும் அதிகாரம் மட்டுமே எஞ்சியது; ஆணையிடும் அதிகாரம் நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தனிநபர் வழக்குத் தொடுத்து வென்றால் தண்டனை இழப்பீடாக அதிகபட்சம் 1,000 டாலர். அரசு தொடுக்கும் வழக்குகளில் நீதிமன்றம் ‘இனி இப்படிச் செய்யாதே’ என்று தடையாணை பிறப்பிக்கலாம். அபராதம் விதிக்க வழியில்லை. அபராதமும் உண்மையான அமலாக்க அதிகாரமும் 1988 திருத்தத்தில்தான் வந்தன. ஆகவே 1975இல் டிரம்ப் ஒரு டாலரும் கட்டாமல் வெளியேறியதற்குக் கோன் தேவையே இல்லை. நடுத்தரமான வழக்குரைஞர் ஒருவர் வாதாடியிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும்.

படத்தின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஒரு கெட்ட குருவிடமிருந்து ஒரு கெட்ட சீடன் பிறந்தான் என்ற கதை, அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்டிருந்த அமைப்பை மறைத்துவிடுகிறது. பிரெட் டிரம்ப் பணம் சேர்த்தது அரசின் கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகம் உத்தரவாதம் அளித்த கடன்களால். கறுப்பினத்தவர் குடியேறினால் சொத்தின் மதிப்புக் குறையும் என்று தன் கையேட்டிலேயே எழுதிவைத்து, இனங்களைப் பிரித்துக் குடியமர்த்துவதை ஊக்குவித்த நிருவாகம் அது. அந்தக் கடனில் எழுந்த ‘பீச் ஹேவன்’ குடியிருப்பில் 1950களின் தொடக்கத்தில் வாடகைக்கு இருந்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி, வெள்ளையர்கள் மட்டுமே வாழும் அந்த வளாகத்தையும் அதன் முதலாளியையும் சாடித் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். 1954இல் இத்தகைய கடன்களில் கட்டட முதலாளிகள் அடித்த கொள்ளை லாபம் குறித்து செனட் குழு விசாரித்தபோது பிரெட் டிரம்ப்பும் அழைக்கப்பட்டார். மகன் மன்ஹாட்டனில் கால்பதித்த கதையும் இப்படித்தான். திவாலான ரயில் நிறுவனத்திடமிருந்து கமடோர் ஓட்டலை எடுத்தபோது, 1976இல் நியூயார்க் நகரம் 40 ஆண்டுகளுக்கு வரிச் சலுகை தந்தது. அந்தச் சலுகையைப் படம் காட்டுகிறது. அதுவும் கோனின் திரைமறைவு வேலையாகவே தெரிகிறது. நகரம் தானே திவாலின் விளிம்பில் நின்று, ஏழைகளுக்கான சேவைகளை வெட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

சரி, வீடு கேட்டு வந்தவர்கள்? அவர்கள் வழக்கு ஆவணங்களில் இருக்கிறார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் காலி வீடு இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று விடை வரும். சற்றுப் பின் வெள்ளையர் ஒருவர் அதே கட்டடத்துக்குப் போவார். இரண்டு வீடுகள் இருக்கின்றன, எது வேண்டும் என்று விடை வரும். இவர்கள் உண்மையில் வீடு தேடியவர்கள் அல்லர். பாகுபாட்டை வெளிக்கொணர அர்பன் லீக் போன்ற அமைப்புகள் அனுப்பிய சோதனையாளர்கள். கறுப்பினத்தவரின் விண்ணப்பங்களில் ‘கலர்டு’ என்பதைக் குறிக்கும் ‘சி’ என்ற எழுத்து இடப்பட்டது என்று கட்டடக் கண்காணிப்பாளர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு அரசு சொன்னது. அந்த ஓர் எழுத்தைக் காட்டியிருந்தால் படத்தில் ஒரு நிமிடம் செலவாகியிருக்கும். படம் தருவதோ பிரெட் டிரம்ப் பேசும் ஒரு வசனத்தை: எனக்குக் கறுப்பின ஓட்டுநர் இருக்கிறார், நான் எப்படி நிறவெறியன் ஆவேன்? அரங்கில் எங்கள் மாணவர்கள் உரக்கச் சிரித்தது இந்த இடத்தில் மட்டும்தான். காரணத்தை விளக்கத் தேவையில்லை.

சோதனையாளர்களின் பணி பின்னாளில் சட்டத்திலேயே நிலைபெற்றது. 1982இல் ஹேவன்ஸ் ரியால்டி எதிர் கோல்மன் வழக்கில், வீடு வாங்கும் எண்ணமே இல்லாமல் போய்க் கேட்ட கறுப்பினச் சோதனையாளருக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையான தகவலைப் பெறும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தந்திருக்கிறது. பொய் சொல்லப்பட்டதே பாதிப்பு. இந்தத் தருக்கத்தை நம் மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதே முறையைப் பின்பற்றி சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் தில்லி சுற்றுவட்டாரத்தில் ஆய்வு செய்து, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வாடகை வீடு எப்படி மறுக்கப்படுகிறது என்பதை 2015இல் வெளியிட்டனர். ஆனால் அதைக் கொண்டுபோய் நிறுத்த இங்கே நேரடியான சட்டம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆவது உறுப்பு கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ‘கடை’ என்ற சொல்லை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 2005இல் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற வீட்டுவசதிச் சங்க விதியை அதே நீதிமன்றம் செல்லும் என்றதும் உண்மை. சட்டப் படிப்பை முடித்து உயர் நீதிமன்றத்துக்கு அருகில் வீடு தேடிய நாட்களில், வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வீட்டை நேற்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ‘வாடகைக்கு’ என்ற பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கியது. எனக்குச் சோதனையாளரை அனுப்ப ஆளில்லை; அனுப்பியிருந்தாலும் எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது?

படத்தில் வரும் வன்புணர்வுக் காட்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மனைவி இவானா மணமுறிவு வழக்கின்போது அளித்த வாக்குமூலத்தை அடிப்படையாகக் கொண்டது அது. அச்சொல்லைக் குற்றவியல் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் பின்னர் அறிக்கை தந்தார். டிரம்ப் எப்போதும் மறுத்தே வந்துள்ளார். மனைவியை வன்புணர்வது சட்டப்படி குற்றமே ஆகாது என்று டிரம்ப்பின் வழக்குரைஞர் ஒருவர் 2015இல் இதைப் பற்றிச் சொன்னது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. நியூயார்க்கின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கை 1984இலேயே லிபர்ட்டா வழக்கில் நீக்கிவிட்டது. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63 ஆவது பிரிவு அதே விலக்கை இன்றும் வைத்திருக்கிறது.

படத்துக்கு வெளியே நடந்தது படத்தை விடச் சுவையானது. 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட உடனே, வழக்குத் தொடுப்போம் என்று டிரம்ப்பின் பரப்புரைக் குழு அறிவித்து, திரையிடலை நிறுத்தக் கோரி வழக்குரைஞர் அறிவிப்பையும் அனுப்பியது. படத்துக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் பின்னால் இருந்த செல்வந்தர் டேன் ஸ்னைடர் டிரம்ப்பின் ஆதரவாளர். முடிந்த படத்தைப் பார்த்து அவர் கொதித்தார் என்று செய்திகள் வந்தன. பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் எதுவும் படத்தைத் தொடவில்லை. கடைசியில் பிரையர்கிளிஃப் என்ற சிறு நிறுவனம் தேர்தலுக்கு மூன்றரை வாரம் முன்பு, அக்டோபர் 11 அன்று, அமெரிக்காவில் வெளியிட்டது. நடிகர்கள் இணையராக உரையாடும் ஓர் இதழ் நிகழ்ச்சிக்குத் தன்னோடு அமர யாரும் முன்வரவில்லை என்று ஸ்டான் பின்னர் சொன்னார்.

இவ்வளவு மிரட்டலுக்கு நடுவிலும் நீதிமன்றம் எதுவும் படத்தைத் தடுக்கவில்லை. அதற்குக் காரணமான சட்டக் கோட்பாடு கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து பிறந்தது என்பதைப் படத்தைப் பார்க்கும் பலர் அறியமாட்டார்கள். 1960 மார்ச் 29 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில சிறு தகவல் பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று போட்டிருந்தார்கள். அலபாமாவின் மான்ட்கோமரி நகரக் காவல் துறைக்குப் பொறுப்பான ஆணையர் சல்லிவன், தம் பெயரே அதில் இல்லாத போதும், அவதூறு வழக்குத் தொடுத்து 5 இலட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றார். விளம்பரத்தில் பெயர் இடம்பெற்றிருந்த ராஃல்ப் அபர்னதி உள்ளிட்ட நான்கு கறுப்பினப் போதகர்களும் அவ்வழக்கில் பிரதிவாதிகள். தீர்ப்பை நிறைவேற்ற அவர்களுடைய கார்களையும் நிலத்தையும் அரசு பறித்தது. அவதூறுச் சட்டத்தை வைத்தே குடியுரிமை இயக்கத்தை ஓட்டாண்டியாக்கிவிடலாம் என்பது தென்மாநில நிறவெறியர்களின் கணக்கு. 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக முறியடித்தது: பொதுப் பதவியில் இருப்பவர் அவதூறு இழப்பீடு பெற வேண்டுமானால், சொன்னவர் பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே இல்லாமல் சொன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு பின்னர்ப் பொதுவாழ்வில் உள்ள பிறருக்கு எதிரான விமர்சனத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இத்தீர்ப்பு அந்நியமானதல்ல. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994) வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்தாண்டே முன்தடைக்கு இடமில்லை என்றது. ஆனாலும் அமெரிக்காவில் உரிமையியல் இழப்பீட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும் அவதூறு, இங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே நீடிக்கிறது. 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியும் செய்தது. பதவியில் இருக்கும் ஒரு முதலமைச்சரைப் பற்றி இப்படியொரு படத்தை இங்கே எடுப்பவர், தணிக்கை வாரியத்தைத் தாண்டினாலும், எத்தனை ஊர் நீதித்துறை நடுவர் மன்றங்களுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சல்லிவன் கோட்பாடும் பாதுகாப்பாக இல்லை. அவதூறுச் சட்டங்களைத் தளர்த்தித் தாராளமாக வழக்குத் தொடுக்க வழிசெய்வேன் என்று 2016 பரப்புரையிலேயே டிரம்ப் சொன்னார். அத்தீர்ப்பை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2019இல் எழுதினார். தீர்ப்பு மாறாமலே காரியம் நடக்கவும் செய்கிறது. டிரம்ப் தொடுத்த வழக்குகளை முடித்துக்கொள்ள ஏபிசி நிறுவனம் 2024 டிசம்பரில் 1.5 கோடி டாலரும், பாரமவுண்ட் நிறுவனம் 2025 ஜூலையில் 1.6 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. வழக்கு நடந்திருந்தால் அவர் வெல்வது கடினம் என்றே சட்ட அறிஞர் பலர் கருதினர். கோனின் முதல் விதி எதிராளியைக் களைப்படையச் செய்வதுதான். தீர்ப்பு வரை போக வேண்டிய தேவை அதற்கு இல்லை.

படம் 1986 ஆகஸ்டில் கோனின் மரணத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. சாவதற்குச் சில வாரங்கள் முன்பு நியூயார்க் நீதிமன்றம் அவருடைய வழக்குரைஞர் உரிமத்தைப் பறித்தது. பறிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, மருத்துவமனையில் நினைவு தப்பிக் கிடந்த கோடீசுவரக் கட்சிக்காரரின் கையில் பேனாவைத் திணித்து, தம்மைச் சொத்தின் பொறுப்பாளராக்கும் ஆவணத்தில் கையெழுத்து வாங்க முயன்றது. தொழில் ஒழுக்கம் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்காது. படம் தொடாத 1989இல், சென்ட்ரல் பார்க் வன்புணர்வு வழக்கில் கறுப்பின, லத்தீன் சிறுவர்கள் ஐவர் கைதானவுடன், மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரக் கோரி நான்கு நாளிதழ்களில் டிரம்ப் முழுப்பக்க விளம்பரம் தந்தார். ஐவரும் சிறையில் வளர்ந்தார்கள். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் பொருந்தியபின், 2002இல் அவர்கள் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. விளம்பரம் தந்தவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டாம் விதி.

1973இல் அவர் மீது வழக்குத் தொடுத்த அதே நீதி அமைச்சகம் இப்போது அவருக்குக் கீழே இயங்குகிறது. நகரங்கள் தம் குடியிருப்புகளில் உள்ள இனப் பிரிவினையைக் குறைக்கத் திட்டம் தீட்ட வேண்டும் என்று ஒபாமா ஆட்சியில் வந்த விதியை 2020 ஜூலையில் அவரது முதல் ஆட்சி நீக்கியது. வெளிப்படையாக இனத்தைச் சொல்லாமலே ஓர் இனத்தை வெளியே நிறுத்திவிடும் விதிமுறைகளை, அவற்றின் விளைவைக் கொண்டு கேள்விக்குட்படுத்தலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றிருந்தது. அந்த அணுகுமுறையை அரசுத் துறைகள் இயன்றவரை கைவிட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் நிறைவேற்று ஆணை பிறப்பிக்கப்பட்டது. ‘சி’ என்று எழுதும் அளவுக்கு வெளிப்படையான மேலாளர்கள் இன்று இல்லை. வருமான வரம்பு, பழைய வழக்கு விவரம், அரசு வாடகை உதவிச் சீட்டை ஏற்காமை என்று வேறு வழிகள் வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்க இருந்த முதன்மையான கருவி இதுதான்.

படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். நடிப்புக்காகப் பாருங்கள், ஒரு வழக்குரைஞர் தன் தொழிலை எவ்வளவு கீழே கொண்டுபோக முடியும் என்பதற்காகவும் பாருங்கள். பார்த்தபின் 1975 ஆணையின் நிபந்தனைகளையும் தேடிப் படியுங்கள். எங்கள் வட்டத்தின் அடுத்த அமர்வில் அதைத்தான் செய்தோம். முதல் கேள்வி கேட்ட மாணவி அமர்வின் முடிவில் ஒரு தாளை நீட்டினார். வாடகை வீட்டு விளம்பரம் ஒன்றுக்கு இருவர் தனித்தனியே தொலைபேசியில் பேச வேண்டும். வேலை, சம்பளம், குடும்ப அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஊரும் பெயரும் மட்டும் வேறு. யார் யாரோடு எந்த நேரத்தில் பேசினார், என்ன விடை வந்தது என்று குறிக்கக் கட்டங்கள் போட்டிருந்தார். அதை எந்த நீதிமன்றத்தில் கொடுப்பது என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.